தாயின் குருதியழுத்தமும் சேயின் நலமும்

கருவுற்ற பெண்ணின் நிலைகளைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சூல், கரு, பேறு என்பன யாவரும் அறிந்தவை. உண்டது தங்காத தொடக்க மாதங்களின் சோர்வை மசக்கை என்கிறோம். புளியையும் மண்ணையும் நாடும் விருப்பத்தை வயா என்றனர் முன்னோர். தொல்காப்பியத்தின் உரியியலிலேயே பொருள் விளக்கம் பெறும் அளவுக்கு அச்சொல் பழமையானது. குழந்தை பிறந்த பின்னர் வெளிவரும் உறுப்பை நஞ்சு என்றும் நஞ்சுக்கொடி என்றும் வழங்குகிறோம். இச்சொற்கள் அனைத்தையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவை யாவும் பிறர் கண்ணால் காணக்கூடியன. அல்லது அப்பெண்ணே உணர்ந்து வாயால் சொல்லக்கூடியன.

கண்ணுக்கும் தெரியாமல், உடலுக்கும் உணர்த்தாமல் வரும் ஒரு நோய் உண்டு. அதற்கு நம் முன்னோர் பெயரிடவில்லை. பெயரிட வழியும் இல்லை. கருவுற்ற காலத்தில் தோன்றும் உயர் குருதியழுத்தமே அந்நோய். பேச்சு வழக்கில் இதனை 'இரத்தக் கொதிப்பு' என்பர். இதன் கடுமையான வடிவமாகிய முன்சூல்வலிப்பு நூறு கருவுற்ற பெண்களில் மூவர் முதல் எண்மர் வரை தாக்குகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 46,000 தாய்மார் இதனால் உயிரிழக்கின்றனர். கருவிலும் பிறந்த சில நாள்களிலும் மடியும் குழந்தைகள் ஏறத்தாழ 5 இலட்சம். இத்துணை உயிர்களைக் கொள்ளும் நோயைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவன ஒரு கைப்பட்டையும், சிறுநீரில் தோய்க்கும் ஒரு சிறு பட்டையும், சில நிமிடங்களுமே ஆகும். இந்நோயின் இயல்பையும், தாய் சேய் இருவரையும் அது பற்றும் முறையையும், இல்லத்தார் செய்ய வேண்டுவனவற்றையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

அழுத்தம் என்பது யாது?

இதயம் சுருங்கிக் குருதியைக் குழாய்களுக்குள் தள்ளும்போது குழாய்ச் சுவரின்மீது ஏற்படும் விசையே குருதியழுத்தம். இதயம் சுருங்கும் வேளையில் அது மிகும்; விரியும் வேளையில் தணியும். ஆதலால் அழுத்தத்தை இரண்டு எண்களால் குறிக்கின்றனர். 120/80 என்பதில் மேலெண் சுருங்குநிலை அழுத்தம். கீழெண் விரிநிலை அழுத்தம். கையில் பட்டை கட்டிப் பாதரச மட்டத்தால் அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896-இல் வகுத்தார். பட்டையின் கீழே செவிக்குழல் வைத்து ஒலி கேட்டு இரண்டு எண்களையும் அறியும் முறையை உருசிய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் கூறினார். எனவே, மாந்தர் இந்நோயை எண்ணால் அறியத் தொடங்கி ஒரு நூற்றாண்டும் சில ஆண்டுகளுமே ஆகின்றன.

கருவுற்ற பெண்ணுக்கு மேலெண் 140 அல்லது அதற்கு மேலும், கீழெண் 90 அல்லது அதற்கு மேலும் இருப்பின் அது உயர் அழுத்தம். இரண்டில் ஒன்று மிகுந்தாலும் போதும். ஐயம் நீங்க, நான்கு மணி நேர இடைவெளியில் மீண்டும் அளந்து உறுதி செய்வர். மேலெண் 160 அல்லது கீழெண் 110 என்னும் எல்லையை எட்டிவிட்டால் அது கடுமையான நிலை. அப்போது மணிக்கணக்கில் காத்திராமல் சில நிமிடங்களில் மீண்டும் அளந்து மருந்து தொடங்க வேண்டும்.

ஈண்டு ஒரு நுட்பத்தை மனங்கொள்ளுதல் வேண்டும். நலமான கருவுற்ற பெண்ணின் உடலில் குழாய்கள் தளர்ந்து கொடுப்பதால், நடு மாதங்களில் அழுத்தம் இயல்பாகவே சற்றுக் குறையும். பேறு காலம் நெருங்கும்போது பழைய அளவுக்குத் திரும்பும். தொடக்கத்தில் அவளுக்கு இருந்த அளவு யாது என்பது தெரிந்தால்தான், பின்னர் ஏறுவது இயல்பான திரும்புதலா, நோயின் தொடக்கமா என்று மருத்துவரால் தெளிய முடியும். கருவுற்றது தெரிந்தவுடன் பதிவு செய்துகொள்ளுமாறு செவிலியர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நோயின் வகைகள்

கருவுறுமுன்னரே உள்ளதும், இருபதாம் வாரத்திற்குள் தென்படுவதும் நாள்பட்ட உயர் அழுத்தம் எனப்படும். இருபதாம் வாரத்திற்குப் பின் புதிதாகத் தோன்றி, வேறு உறுப்புகளைத் தாக்காமல் நிற்பது சூற்கால உயர் அழுத்தம். அவ்வுயர் அழுத்தத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, கல்லீரல், சிறுநீரகம், மூளை, குருதித் தட்டணுக்கள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பாதிக்கப்பட்டாலோ, அது முன்சூல்வலிப்பு. அந்நிலையில் வலிப்பும் வந்துவிட்டால் அது சூல்வலிப்பு. இவை படிக்கட்டுகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தே தீரும் என்பதில்லை. சிலருக்குச் சில நாள்களில், ஏன், சில மணி நேரத்திலேயே நிலைமை முற்றிவிடுவதும் உண்டு.

சூல்வலிப்பை ஆங்கில மருத்துவ நூல்கள் எக்லாம்ப்சியா என்று குறிக்கும். திடீரென ஒளிர்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. முன்னறிவிப்பு ஏதுமின்றி வெட்டிச் செல்லும் மின்னலைப் போலப் பண்டை மருத்துவர் கண்களுக்கு அந்நோய் தோன்றியது போலும். முன்னறிவிப்பு உண்டு என்பதை 1843-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர் காட்டினார். வலிப்பு வந்த தாய்மாரின் சிறுநீரைச் சூடேற்றிய அவர், அதில் புரதம் திரண்டு நிற்பதைக் கண்டார்.

பின்வந்தோர், குருதியில் ஏதோ நஞ்சு கலப்பதால் இந்நோய் வருகிறது என்று கருதி, குருதி நச்சேற்றம் என்னும் பொருள்பட டாக்சீமியா என்று பெயரிட்டனர். முதிய மருத்துவர் சிலர் நாவில் அப்பெயர் இன்றும் வழங்கக் கேட்கலாம். அவர்கள் தேடிய நஞ்சு அகப்படவில்லை. அப்பெயரும் நூல்களிலிருந்து நீங்கியது. ஆயினும் நோயின் வேர் எங்கே உள்ளது என்று ஆராய்ந்தபோது, அது தமிழர் நஞ்சு என்று பெயரிட்ட அவ்வுறுப்பிலேயே, அதாவது நஞ்சுக்கொடியிலேயே இருப்பது தெரியவந்தது. இது தற்செயலான சொல் ஒற்றுமையே. எனினும் நினைவில் நிறுத்த உதவும்.

கடைமடைக்கு நீர் பாயாத கதை

தாயின் குருதியிலிருந்து உயிர்வளியையும் ஊட்டத்தையும் பெற்றுக் குழந்தைக்கு அளிப்பது நஞ்சுக்கொடி. கருவுற்ற தொடக்க மாதங்களில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் வடிவக் குருதிக் குழாய்களை மாற்றி அமைக்கின்றன. குறுகிய வாய்க்காலின் கரையை வெட்டி அகலப்படுத்துவது போன்ற பணி அது. அப்பணி செவ்வனே நிறைவேறினால், குருதி தடையின்றிப் பரந்து பாயும். பிற்பட்ட மாதங்களில் குழந்தை எவ்வளவு வளர்ந்தாலும் ஈடுகொடுக்கும்.

முன்சூல்வலிப்பு வரும் பெண்கள் பலரிடம் இப்பணி பாதியில் நின்றுவிடுகிறது. குழாய்கள் குறுகியே இருக்கின்றன. குழந்தை சிறிதாக இருக்கும்வரை குறை தெரிவதில்லை. பயிர் வளர வளர நீர்த்தேவை மிகுந்து, கடைமடை வயல் காய்வதைப் போல, ஆறாம் ஏழாம் மாதங்களில் நஞ்சுக்கொடி உயிர்வளிக்குத் தவிக்கத் தொடங்குகிறது. தவிக்கும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் குருதியில் மிகுதியாகக் கலக்கிறது. அவை தாயின் குருதிக் குழாய்களின் மெல்லிய உள்ளுறையைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதுற்றுப் புரதம் கசிகிறது. கல்லீரல் வீங்கி, வலப்பக்க விலாவின்கீழ் வலிக்கிறது. மூளையின் குழாய்கள் தாக்கப்பட்டுத் தலைவலியும், கண்முன் மின்னுதலும், முடிவில் வலிப்பும் வருகின்றன.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று, நோயின் வித்து மூன்று நான்கு மாதங்களுக்கு முன்னரே ஊன்றப்பட்டுவிடுகிறது. நாம் காண்பது அதன் விளைவையே. மற்றொன்று, நஞ்சுக்கொடி உடலில் உள்ளவரை நோய் முற்றிலும் நீங்காது. மருந்துகள் அழுத்தத்தைத் தணிக்கும், வலிப்பைத் தடுக்கும், காலத்தை நீட்டித் தரும். நோயை முடித்துவைப்பது மகப்பேறே ஆகும்.

உடல் வலிமை காவலாகுமா?

உழைத்து உரமேறிய உடலுக்கு இந்நோய் வாராது என்று எண்ணுவோர் பலர். 2016-ஆம் ஆண்டு இரியோ ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் நால்வருள் இருவர் அலிசன் பெலிக்சும் டோரி போவியும் ஆவர். பெலிக்சு 2018-இல் கருவுற்ற 32-ஆம் வாரத்தில் வழக்கமான பரிசோதனைக்குச் சென்றார். அங்கே கடுமையான முன்சூல்வலிப்பு கண்டறியப்பட்டது. அவசர அறுவை செய்து குழந்தையை எடுத்தனர். குறைமாதத்தில் பிறந்த பெண் மகவு தீவிர கவனிப்புப் பிரிவில் வைக்கப்பட்டுப் பிழைத்தது. தாயும் தேறி, 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் தங்கம் வென்றார். டோரி போவி 2023-இல், எட்டு மாதக் கருவுற்ற நிலையில், தம் இல்லத்தில் தனியே இறந்து கிடந்தார். வயது 32. மூச்சுத் திணறலும் சூல்வலிப்பும் அவர் இறப்புக்குக் காரணமாகியிருக்கக்கூடும் என்று பிணக்கூறாய்வு அறிக்கை குறித்தது. 2017-இல் உலகிலேயே விரைவாக நூறு மீட்டர் ஓடிய வீராங்கனை என்னும் பட்டம் பெற்றவர் அவர். உடல் வலிமை இந்நோய்க்கு அணையாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எனினும் சிலருக்கு இடர் மிகுதி. முதற்பேறு காண்போர், மிக இளம் வயதினர், 35 வயதைக் கடந்தோர், இரட்டைக் கரு சுமப்போர், உடற்பருமன் உடையோர், நீரிழிவோ சிறுநீரக நோயோ ஏற்கெனவே உயர் அழுத்தமோ உடையோர், முந்தைய பேற்றில் இந்நோய் கண்டோர், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருப்போர் ஆகியோர் கூடுதல் கருத்துடன் இருத்தல் வேண்டும்.

வீக்கமும் விளக்கமும்

கால் வீங்கினால், "நீர் கோத்திருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சிக்கு இது இயல்புதானே" என்பர் வீட்டுப் பெரியோர். அவர்கள் கூற்றில் பாதி உண்மை. நலமான பெண்கள் பலருக்கும் மாலையில் கணுக்கால் வீங்கி, இரவு ஓய்வுக்குப் பின் வற்றும். ஆனால் முகமும் கைவிரல்களும் வீங்கி, மோதிரம் கழலாமல் இறுகினாலோ, சில நாள்களிலேயே எடை சட்டென ஏறினாலோ, அதனை இயல்பென்று விடுதல் தகாது. மறுபுறம், வீக்கம் சிறிதுமின்றியே முன்சூல்வலிப்பு வருவதும் உண்டு. எனவே வீக்கத்தைக் கொண்டு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்மானிக்க இயலாது. அளந்தே அறிய வேண்டும்.

நீர் இறங்கப் பார்லிக் கஞ்சி கொடுப்பதும், உணவில் உப்பை அறவே நீக்குவதும் சில இல்லங்களில் நடைபெறுவன. பார்லிக் கஞ்சியால் கேடில்லை. அதை நம்பி மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பதே கேடு. உப்பைக் கடுமையாகக் குறைப்பதால் இந்நோய் வாராமல் தடுக்க முடியாது என்பது ஆய்வுகளின் முடிவு. நீரிறக்கும் மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்பது தீங்கு பயக்கும்.

விடாத தலைவலி, பார்வை மங்கல், கண்முன் ஒளிப்பொறி தோன்றுதல், மேல்வயிற்றிலோ வலப்பக்க விலாவின்கீழோ வலி, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. மேல்வயிற்று வலியை வாயு என்று கருதி ஓமத் தண்ணீரோடு நிறுத்திவிடுவதால் இழக்கப்படும் நேரம் விலை மதிப்பற்றது. வலிப்பு கண்டபோது பேய் என்றும், காற்றுக் கருப்பு என்றும், ஜின் என்றும் கூறிக் காலங்கடத்துவதும் இன்னும் முற்றும் ஒழியவில்லை. வலிப்பு வந்தவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், உடனே 108 ஊர்தியை அழைப்பதே செய்யத்தக்கது.

சேயின் நிலை

நஞ்சுக்கொடிக்குக் குருதி குறைந்தால் குழந்தைக்கு உணவு குறைகிறது. பஞ்ச காலத்தில் குடும்பத் தலைவி இருப்பதை இன்றியமையாதவற்றுக்கு மட்டும் பங்கிடுவதைப் போல, கருவிலுள்ள குழந்தை கிடைக்கும் குருதியை மூளைக்கும் இதயத்திற்கும் முதலில் அளிக்கிறது. தசையும் கொழுப்பும் மெலிகின்றன. எனவே பிறக்கும்போது எடை குறைகிறது, 2.5 கிலோகிராமுக்குக் குறைந்தால் அது குறைந்த எடைக் குழந்தை. சிலபோது நஞ்சுக்கொடி காலத்துக்கு முன்னரே கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்து குருதி பெருகும். அது தாய் சேய் இருவருக்கும் பேரிடர்.

தாயைக் காக்கும்பொருட்டு 37 வாரம் நிறையுமுன்னரே குழந்தையை வெளிக்கொணர நேரிடுவதும் உண்டு. குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல் முதிராமையால் மூச்சுத் திணறும். உடற்கொழுப்பு இன்மையால் சூடு தங்காது. குருதியில் சருக்கரை தாழும். தொற்று எளிதில் பற்றும். இவற்றுக்கும் இன்று வழிகள் உண்டு. 34 வாரத்துக்கு முன் பேறு நிகழும் எனத் தெரிந்தால் தாய்க்கு ஊக்கமருந்து ஊசி போடுவர். அது நஞ்சுக்கொடி வழியே சென்று குழந்தையின் நுரையீரலை விரைந்து முதிரச் செய்யும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இலிகின்சு, ஓவி என்னும் இருவர் 1972-இல் இதனை மெய்ப்பித்தனர்.

பிறந்த பின்னர், கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதைப் போல, குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் பொருந்த அணைத்து வைக்கும் முறை உளது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1970-களின் இறுதியில், வெப்பப் பெட்டிகள் போதாத மருத்துவமனையில் தொடங்கப்பட்டது அது. அம்முறையைக் குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனே தொடங்கினால், மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்பதை, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாய்ப்பாலும் தாய்ச்சூடும் மருந்தாகும் என்பதற்கு இது சான்று. அழுத்தத்திற்கு மருந்துண்ணும் தாய் பால் கொடுக்கலாகாது என்பது தவறான எண்ணம். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளை மருத்துவர் தேர்ந்தளிப்பர்.

மருத்துவம் வளர்ந்த வழி

சூல்வலிப்பைத் தணிக்க உலகம் முழுவதும் பல முறைகள் கையாளப்பட்டன. சென்னையைச் சேர்ந்த மகப்பேற்று மருத்துவர் கிருஷ்ண மேனன் மூன்று மருந்துகளைக் கலந்து அளிக்கும் ஒரு முறையை வகுத்து 1961-இல் எழுதினார். அம்முறை அவர் பெயராலேயே அறியப்பட்டுப் பல்லாண்டுகள் பரவி வழங்கியது. மறுபுறம், மக்னீசியம் சல்பேட் என்னும் எளிய உப்பு மருந்து அமெரிக்காவில் நெடுநாள் பயன்பட்டு வந்தது. எது சிறந்தது என்னும் வழக்கு 1995-இல் தீர்ந்தது. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் 1,600-க்கும் மேற்பட்ட சூல்வலிப்புத் தாய்மாரிடையே நடந்த ஆய்வில், டயசிபாம் மருந்தைவிட மக்னீசியம் சல்பேட் மறுவலிப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது. 2002-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்தது. முன்சூல்வலிப்பு உள்ளோருக்கு இம்மருந்தை முன்கூட்டியே அளித்தால் வலிப்பு வருவதே பாதிக்கு மேல் குறையும் என்பதை அது நிறுவியது. விலை குறைந்த இம்மருந்து இன்று சூல்வலிப்பு மருத்துவத்தில் முதலிடம் பெற்றுள்ளது.

அழுத்தத்தைத் தணிக்க லேபெட்டலால், நிபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை கருவுற்ற காலத்துக்கு ஏற்றவை. எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் முதலிய வேறு சில மருந்துகள் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே, ஏற்கெனவே அழுத்த மாத்திரை உண்போர் கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.

வருமுன் காக்க ஓரளவு இயலும். இடர் மிகுந்த பெண்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை நான்காம் மாதத்திற்குள் தொடங்கினால், காலத்துக்கு முன்னரே தோன்றும் முன்சூல்வலிப்பு பெரிதும் குறையும் என்று 2017-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. உணவில் சுண்ணச்சத்து குறைந்தோருக்குச் சுண்ணச்சத்து மாத்திரை பயன் தரும். நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் அளிப்பது 1,500 மில்லிகிராம் அளிப்பதற்கு ஈடானதே என்று பெங்களூருவிலும் தான்சானியாவிலும் நடந்து 2024-இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. யாருக்கு எது வேண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

தாய்வீட்டுப் பயணமும் நல அட்டையும்

இனி, நம் வழக்கம் ஒன்றைச் சிந்தித்தல் தகும். தலைப்பேறு தாய்வீட்டில் என்பது தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரும் போற்றும் மரபு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ சடங்கு முடித்துப் பெண்ணை அழைத்துச் செல்வர். அன்பின் பாற்பட்ட இம்மரபைக் குறைகூற இடமில்லை. ஆயினும் முன்சூல்வலிப்பு தலைகாட்டத் தொடங்கும் காலமும், அவள் ஊரும் மருத்துவரும் மாறும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. புதிய மருத்துவர் 130/86 என்று அளக்கிறார் என்று கொள்வோம். எல்லைக்குள் இருப்பதாகத் தோன்றும். நான்காம் மாதத்தில் அவளுக்கு 100/60 இருந்தது என்பதை அறிந்தால் அவர் எச்சரிக்கை கொள்வார். மறுமுறை விரைந்து வரச்சொல்வார். அவ்வெண் எழுதப்பட்டுள்ள தாய் சேய் நல அட்டை புகுந்த வீட்டுப் பெட்டியில் தங்கிவிட்டால் அவர் எங்ஙனம் அறிவார்? பட்டும் வளையலும் செல்லும் பெட்டியில் அவ்வட்டையும் செல்ல வேண்டும். இடைப்பட்ட நாள்களில் பரிசோதனை விட்டுப் போகாதவாறு, சென்ற ஊரின் கிராமச் செவிலியரிடம் உடனே தெரிவித்தலும் வேண்டும்.

குழந்தை பிறந்தவுடன் இடர் தீர்ந்தது என்று கருதுவதும் பொருந்தாது. பேற்றுக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் உச்சத்தை எட்டுவது உண்டு. பெரும்பாலோர் வீடு திரும்பிக் குழந்தையைக் காண உறவினர் கூடும் நாள்கள் அவை. வலிப்பும் அப்போது வரலாம். எல்லாக் கண்களும் தொட்டிலை நோக்கும் அவ்வேளையில், தாயின் தலைவலியைத் தூக்கமின்மை என்று தள்ளிவிடாமல் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஆறு வாரம் கழித்தும் ஒருமுறை அளந்து, அழுத்தம் இயல்புக்குத் திரும்பியதா என்று உறுதி செய்தல் வேண்டும். முன்சூல்வலிப்புக் கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே ஆண்டுக்கொருமுறை அழுத்தத்தை அளப்பதும், எடையைப் பேணுவதும், அடுத்த கருவின்போது தொடக்கத்திலேயே மருத்துவரிடம் இதனைக் கூறுவதும் கடமையாகும். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு நடுவயதில் இதய நோயும் நீரிழிவும் மிகுதியாக வருவதை இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பார்க்கர் 1980-களில் தொடங்கிய ஆய்வுகளால் எடுத்துக்காட்டினார். கருவில் நேர்ந்த பற்றாக்குறையின் சுவடு அரை நூற்றாண்டு கழித்தும் அழிவதில்லை.

கற்றோர் கடன்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் அழுத்தமும் சிறுநீரும் கட்டணமின்றிச் சோதிக்கப்படுகின்றன. 2016 முதல் நாடெங்கும் மாதந்தோறும் 9-ஆம் நாள் கருவுற்ற தாய்மாருக்கு மருத்துவர் பரிசோதனை நடைபெறுகிறது. வாய்ப்புகள் உள்ளன. அவற்றைக் கொண்டு வந்த எண்ணைப் படித்துப் பொருள் கொள்வோர் வீட்டில் இருக்க வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியருள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் தலைமுறையினர். நும் வீட்டில் அக்காளோ, அண்ணன் மனைவியோ, அண்டை வீட்டுப் பெண்ணோ கருவுற்றிருக்கலாம். அவர்தம் நல அட்டையை வாங்கிப் பாருங்கள். சென்ற மாதம் எத்துணை, இம்மாதம் எத்துணை என்று ஒப்பிடுங்கள். அளக்கும்போது ஐந்து நிமிடம் அமர்ந்து, முதுகு சாய்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாதிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். 140/90 என்னும் எல்லையை அவர் கணவருக்கும் மாமியாருக்கும் எடுத்துரையுங்கள். நாம் கற்ற எழுத்தும் எண்ணும் ஒரு தாய்க்கும் ஒரு சேய்க்கும் இவ்வாறு பயன்படுமாயின், கல்லூரியில் கழித்த ஆண்டுகள் வீண்போகவில்லை எனக் கொள்ளலாம்.